நாடாப்புழு நீர்க்கட்டி நோய்: மலைநாட்டு மந்தைகளும் காவல் நாய்களும்

ஆடு மாடுகளை அறுக்கும் தொழிலில் நெடுநாள் பழகியவர்களுள், ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிறைந்த வெண்கட்டிகளைக் கண்டிராதவர் அரிது. எலுமிச்சங்காய் அளவிலும், சில சமயங்களில் அதனினும் பெரிதாகவும் இருக்கும் அக்கட்டியை, மனிதர் உண்ணத் தகாததென்று கத்தியால் அரிந்தெடுத்து, அண்டையில் காத்துக்கொண்டிருக்கும் நாயின் முன் எறிந்துவிடுவது வழக்கம். எறிபவருக்கு அது வாயில்லாப் பிராணிக்குச் செய்யும் உபகாரமாகவே தோன்றும். ஆயினும் ஆடுகளுக்கும், மாடுகளுக்கும், முடிவில் குடியானவரது சொந்தக் குழந்தைகளுக்கும் நேரக்கூடிய ஒரு கொடிய வியாதி, அந்த ஒரு செய்கையினாலேயே கிராமத்தில் வேரூன்றி நிற்கிறது. பழனி மலைப் பிரதேசத்தில் ஆடுமாடு வளர்ப்போரும் கிராம அதிகாரிகளும் அதன் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகையால், அதனை இங்கு சற்று விரித்துரைப்போம்.

புழுவின் வாழ்க்கை

இவ்வியாதிக்குக் காரணம் எக்கினோகாக்கஸ் கிரானுலோஸஸ் என்னும் நாடாப்புழு. நாடாப்புழு என்றவுடன் பல முழ நீளமுள்ள ஜந்து நம் நினைவுக்கு வருவது இயல்பு. இதுவோ 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே உடையது. ஓர் அரிசிமணியின் நீளத்தைத் தாண்டாது. ஒரு தலையும், அதனைத் தொடர்ந்து மூன்று நான்கு கணுக்களுமே இதன் உடல் முழுவதும். இவை நாயின் சிறுகுடலில் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் ஒட்டிக்கொண்டு வாழும். அதனால் நாய்க்கு யாதொரு வருத்தமும் தோன்றுவதில்லை. கொழுத்துத் திரியும் நாயும் இப்புழுக்களைச் சுமந்திருக்கலாம். அதன் மலத்தைக் கண்ணால் பார்த்து இதை அறிந்துகொள்ளவும் இயலாது. புழுவின் கடைசிக் கணு முதிர்ந்தவுடன் முட்டைகளோடு அறுந்து, நாயின் மலத்துடன் வெளியே வருகிறது.

மண்ணிலும் புல்லிலும் சிதறிய இம்முட்டைகளை மேய்ச்சலின்போது ஆடோ, மாடோ, எருமையோ, பன்றியோ விழுங்கினால், முட்டை குடலில் பொரித்து, அதனுள்ளிருந்த நுண்ணிய கரு இரத்த ஓட்டத்தின் வழியே ஈரலையோ நுரையீரலையோ அடைந்து தங்கிவிடும். தங்கிய இடத்தில் அது புழுவாக வளர்வதில்லை. நீர் நிறைந்த பையாகவே மெல்ல மெல்லப் பருக்கும். முற்றிய கட்டியை அறுத்து அதன் நீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தால், அடியில் மணல் போன்ற பொடி படிவதைக் காணலாம். அம்மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு புழுவின் தலை. அதனை நாய் தின்றால், அத்தலைகள் ஒவ்வொன்றும் அதன் குடலில் ஒரு முழுப்புழுவாகும். ஏறக்குறைய ஆறு ஏழு வாரங்களில் அந்நாய் தானும் முட்டைகளைப் பரப்பத் தொடங்கும். கட்டியும் புழுவும் ஒரே ஜந்துவின் இரு பருவங்கள் என்பதை, ஜெர்மானிய அறிஞர் ஸீபோல்ட் என்பவர் 1852-ஆம் ஆண்டில் கட்டிகளை நாய்களுக்கு ஊட்டிச் சோதித்து நிரூபித்தார்.

இவ்வட்டத்தில் மனிதன் தற்செயலாக அகப்பட்டுக்கொள்கிறான். ஆடு விழுங்கவேண்டிய முட்டையை அவன் விழுங்கிவிட்டால், ஆட்டின் ஈரலில் உண்டாகும் அதே கட்டி அவன் ஈரலிலும் உண்டாகிறது. இங்கு பலரும் மாறுபட எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கட்டியுள்ள ஈரலைச் சமைத்து உண்பதனால் இந்நோய் வருவதில்லை. நாயின் மலத்திலுள்ள முட்டை வாய்க்குள் செல்வதனாலேயே வருகிறது. ஆகையால் மாமிசத்தைக் கையாலும் தொடாத சைவ உணவினரும் இதற்கு விலக்கானவர்களல்லர். நாயைத் தழுவி விளையாடிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையும், தோட்டத்தில் பிடுங்கிய காரட்டைத் துடைத்துவிட்டுக் கடிக்கும் கூலியாளும், ஓடைநீரைக் காய்ச்சாமல் பருகுகிறவரும் ஒரே நிலையிலிருக்கிறார்கள். நாய் தன் பின்புறத்தை நக்கிய நாவினாலேயே தன் உரோமத்தையும் நக்குகிறது. முட்டைகள் அவ்வுரோமத்தில் ஒட்டிக்கொள்கின்றன. முகத்தை நாய் நக்கும்படி விடுவது எவ்வளவு அபாயகரமென்பதை இதனால் அறியலாம். ஒரு மனிதனிடமிருந்து மற்றொரு மனிதனுக்கு இவ்வியாதி தொற்றுவதில்லை. ஆதலால் நோயாளியைக் கண்டு வீட்டார் ஒதுங்க வேண்டுவதில்லை.

மனிதருக்கு உண்டாகும் கட்டிகளில் பெரும்பகுதி ஈரலிலும், அதற்கடுத்தபடி நுரையீரலிலும் காணப்படும். மூளை, எலும்பு முதலிய இடங்களில் அருகியே தோன்றும். சிறு வயதில் விழுங்கிய முட்டையின் பயனை நடுவயதில் அனுபவிப்பதும் உண்டு; அவ்வளவு மெதுவாக இது வளரும். வலது விலாவின் கீழ்ப் பாரமும் மந்தமான வலியும், விடாத இருமலும், சில சமயம் மஞ்சட் காமாலையும் அடையாளங்களாகும். நுரையீரற் கட்டி உடைந்தால் உப்புக் கரிக்கும் நீரும், முட்டையின் உட்தோல் போன்ற சவ்வும் இருமலுடன் வெளிவரும். வயிற்றினுள் கட்டி உடைவது மிகக் கொடிது. அந்நீரின் விஷத்தன்மையால் திடீரென மூச்சுத் திணறி உயிரிழப்பவருண்டு. பிழைப்பவருக்கோ சிந்திய தலைகள் ஒவ்வொன்றும் புதுக் கட்டியாகக் கிளைக்கக்கூடும். இதனாலேயே நாட்டு வைத்தியர்கள் சிலர் செய்வது போல வயிற்றுக் கட்டியை அழுத்தித் தேய்ப்பதும் ஊசியால் குத்திப் பார்ப்பதும் முற்றிலும் விலக்கத்தக்கவை. அல்ட்ராஸவுண்ட் பரிசோதனையால் கட்டியை எளிதில் கண்டறியலாம். கட்டியின் பருவத்துக்குத் தக்கபடி ஆல்பெண்டஸோல் மருந்தோ, சத்திர சிகிச்சையோ, தேர்ந்த வைத்தியர் மருந்துப் பாதுகாப்புடன் நீரை இறைத்தெடுக்கும் முறையோ கைக்கொள்ளப்படுகிறது. உலகில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் எச்சமயத்திலும் இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் ஆந்திரமும் தமிழ்நாடும் இது மிகுதியாகக் காணப்படும் பகுதிகளென வைத்திய நூல்கள் குறிக்கின்றன.

மலையின் குளிரும் ஈரமும்

சமவெளியில் சித்திரை வைகாசி வெயில், முட்டைகளை அழிப்பதில் நமக்குப் பெருந்துணை புரிகிறது. உலர்ந்த மண்ணிலும் கடும் வெப்பத்திலும் அவை நெடுநாள் பிழைப்பதில்லை. ஆனால் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலிலும், பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், பூண்டி முதலிய மேல்மலைக் கிராமங்களிலும் அத்துணை நமக்கில்லை. மூடுபனியும், காயாத புற்றரையும், நிழல் படிந்த ஓடைக்கரையும் முட்டைகளைப் பல மாதங்கள் உயிருடன் காத்து வைக்கும். உறைபனியும் அவற்றைக் கொல்லாது. சாதாரணமாக ஆஸ்பத்திரிகளில் உபயோகிக்கும் கிருமிநாசினிகளிலும் அவை பெரும்பாலும் அழிவதில்லை. கொதிநீரும் நெருப்பும் மட்டுமே நம்பத்தக்கவை.

அன்றியும், வெளியே எறியப்பட்ட ஈரல் சமவெளியில் ஒரே பகலில் அழுகிவிடும். கட்டியினுள் இருக்கும் தலைகளும் விரைவில் இறந்துபடும். மலைக்குளிரிலோ அது இரண்டொரு நாள் கெடாமல் கிடந்து, இரவில் வரும் நாய்க்கும் நரிக்கும் இரையாகிறது. நரி, செந்நாய் முதலியவை நாயினத்தைச் சேர்ந்தவையாதலால் அவற்றின் குடலிலும் இப்புழு வாழக்கூடும். காட்டையொட்டிய பட்டா நிலங்களில் இதனைக் கவனித்தல் வேண்டும்.

மேல்மலையில் செம்மறி வளர்ப்பு புதிய தொழிலன்று. மத்திய ஆட்டு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்னிந்தியக் கிளை 1965 முதல் மன்னவனூரில் நடைபெற்று வருவதும், அங்கு பாரத் மெரினோ என்னும் உயர்ந்த கம்பள இனம் பேணப்படுவதும் நம் வாசகர்களுக்குத் தெரிந்தவையே. மந்தை இருக்குமிடத்தில் நாயும் இருந்தே தீரும். கீழே கம்பம் பள்ளத்தாக்கில் பேர்பெற்ற கோம்பை நாய்களும், பெயரில்லாத ஊர் நாய்களும், பட்டிக் காவலுக்கும் காட்டுப்பன்றியை விரட்டுவதற்கும் குடியானவனுக்கு இன்றியமையாதவை. ஆகவே நாயை ஒழித்து நோயை ஒழிக்கலாமென்பது மலைநாட்டில் நடவாத யோசனை. நாய் இந்நோயைத் தானாகப் பெறுவதில்லை. நம் கையால் ஊட்டப்பட்டே பெறுகிறது என்பதையும் மறக்கலாகாது.

ஆட்டு எருவும் மாட்டு எருவும் இட்டுப் பயிராகும் மலைப்பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், கோசும் மேல்மலையின் செல்வம். எருவினால் இந்நோய் பரவாது. ஆட்டுச் சாணத்தில் இப்புழுவின் முட்டை இராது. பாத்திகளில் நாய் நடமாடி மலங்கழிப்பதே தீங்கு. பச்சையாக உண்ணப்படும் காரட், முள்ளங்கி, கொத்தமல்லி முதலியவற்றின் பாத்திகளுக்கு வேலியிடுவதும், சந்தைக்கு அனுப்புமுன் தேங்கிய குட்டை நீரில் கழுவாமல் ஓடும் நல்ல நீரில் கழுவுவதும் விளைவிப்பவரின் கடமை.

அறுக்குமிடத்தில் செய்யவேண்டியவை

நோயின் வட்டத்தை அறுக்கத் தக்க இடம் கசாப்புக்காரரின் மணையே. அங்கு முதலில் அறியவேண்டியது கட்டிகளின் பேதம். ஆட்டின் குடலைப் போர்த்திய கொழுப்புச் சவ்வில் மெல்லிய தோலுடைய நீர்ப்பை தொங்குவதுண்டு. அதனுள் ஒரே ஒரு வெண்புள்ளி தெரியும். அது நாய்க்குரிய வேறொரு நாடாப்புழுவின் பருவம்; மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. நாம் அஞ்சவேண்டிய கட்டியோ ஈரலின் அல்லது நுரையீரலின் சதைக்குள் புதைந்திருக்கும். அதன் தோல் வெளுத்துத் தடித்து, அடுக்கடுக்காக உரிக்கத்தக்கதாயிருக்கும். அழுத்தினால் விறைப்பாகத் தோன்றும். இரண்டில் எதுவானாலும் நாய்க்கு எறியக்கூடாதென்பதில் பேதமில்லை.

செம்மறியின் கட்டிகளில் பெரும்பாலானவை வித்துள்ளவை. மாட்டின் கட்டிகளில் பல மலடாயிருக்கும். ஆனால் வெளித்தோற்றத்தால் இதை அறிய முடியாது. பிராணியின் வயதும் முக்கியம். கட்டி வித்துப் பிடிக்க ஆண்டுகள் செல்லுமாதலால், ஒரு வயதுக்குட்பட்ட குட்டியினிடம் அபாயம் மிகக் குறைவு. பலமுறை ஈன்று கழித்த கிழ ஆட்டினிடமும், உழைத்து ஓய்ந்த மாடு எருமைகளிடமும் மிக அதிகம். சந்தையில் விலைபோகாத கிழ ஆட்டை வீட்டுக் கொல்லையில் அறுத்து, குடலையும் நுரையீரலையும் வேலிக்கப்பால் வீசுவது எத்தகைய கேடென்பதை இதனால் உணரலாம். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிராணிகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடுகளையே அத்தாட்சி பெற்று அறுக்கலாம். சட்டத்தின் நோக்கம் வேறாயினும், அறுப்புக்கு வருபவை கிழ மாடுகளாகவே இருப்பதால், மாட்டிறைச்சிக் கடையின் கழிவில் கூடுதலான ஜாக்கிரதை வேண்டும்.

கழிவுக்கென நான்கடிக்குக் குறையாத ஆழத்தில் குழி தோண்டி, கழிவின்மேல் சுண்ணாம்பு தூவி மண்ணிட்டு மூடி, நாய் கிளறாதபடி கற்களைப் பரப்பி வைத்தல் உத்தமம். ஈரக் காலத்தில் எரிப்பது எளிதன்று; எரிக்க முடிந்தால் அதுவும் நன்றே. நாய்க்குக் கொடுத்தே தீரவேண்டுமென்று விரும்புகிறவர், ஈரலையும் நுரையீரலையும் சிறு துண்டுகளாக்கி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். மேல்மலையில் தண்ணீர் சுமார் 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடுகிறதே, அது போதுமா என்று சிலர் ஐயுறுவர். இப்புழுவின் கட்டியைக் கொல்ல அவ்வெப்பம் தாராளமாகப் போதும். துண்டின் நடுப்பகுதி வரை வெப்பம் எட்டவேண்டுமென்பதே கவனிக்கத்தக்கது.

கோயில் திருவிழாக்களில் கிடா வெட்டும் நாள் தனியே குறிப்பிடத்தக்கது. ஒரே நாளில் பல ஆடுகள் வெட்டப்பட்டு, ஊர் நாய்களெல்லாம் அங்கு கூடிவிடுகின்றன. விழாக் கமிட்டியார் முதல் நாளே ஒரு பெருங்குழி வெட்டி வைத்து, கழிவைக் கொண்டுசென்று கொட்டுவதற்கு ஓராளை நியமித்தால், சொற்பச் செலவில் பெருநன்மை விளையும்.

இறந்த மாட்டைச் சரிவில் உருட்டிவிடும் வழக்கமும் முன்பு இவ்வளவு கேடு செய்ததில்லை. பிணந்தின்னிக் கழுகுகள் சில மணி நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சமாக்கிவிடும். அவற்றின் குடலில் இப்புழு வளர்வதில்லை. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலி மருந்தினால் 1990-க்குப் பின் இந்தியாவெங்கும் கழுகுகள் மடிந்தன. அம்மருந்தை அரசாங்கத்தார் 2006-இல் கால்நடைகளுக்குக் கொடுக்கலாகாதெனத் தடுத்தனர். எனினும் கழுகு விட்டுச்சென்ற இடத்தை நாய் பிடித்துக்கொண்டது. ஆகையால் இறந்த மாட்டைப் புதைப்பது இப்போது கட்டாயமாகிவிட்டது.

ஆட்டின் தலையைப் பற்றியும் ஒரு சொல். ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரிடத்திலேயே வட்டமிட்டுச் சுற்றி, கண்பார்வை மங்கி மெலிந்து இறப்பதுண்டு. அதன் மூளையிலும் நீர்க்கட்டியே இருக்கும். அதுவும் நாயின் குடலில் வாழும் மற்றொரு நாடாப்புழுவால் வருவது. அத்தகைய ஆட்டின் தலையை உடைத்து நாய்க்கிட்டால், மறு ஆண்டு மந்தையில் மேலும் சில ஆடுகள் சுற்றத் தொடங்கும்.

நாய்க்கு மருந்து

பிராஸிகுவாண்டல் என்னும் மருந்து நாயின் குடலிலுள்ள நாடாப்புழுக்களைத் தவறாமல் கொல்லும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதாவது 10 கிலோ நாய்க்கு 50 மில்லிகிராம் என்பது அளவு. குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் கால்நடை வைத்தியரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும். மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. ஆகையால் மருந்து கொடுத்தபின் இரண்டு மூன்று நாட்கள் நாயைக் கட்டிவைத்து, அதன் மலத்தை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். மீண்டும் கட்டியைத் தின்றால் நாய்க்கு மீண்டும் புழு உண்டாகும்; ஆறு வாரத்துக்கொருமுறை மருந்து கொடுப்பதே வட்டத்தை முற்றிலும் தடுக்கும். அது இயலாதவர்கள் ஆண்டுக்கு நான்கு முறையேனும் கொடுத்தல் நலம்.

இம்மருந்து வருவதற்குமுன் நியூசிலாந்து முதலிய தேசங்களில் உபயோகிக்கப்பட்டது, நாம் தாம்பூலத்தில் மெல்லும் பாக்கிலுள்ள அரிக்கோலைன் என்னும் சத்தாகும். அது நாய்க்குக் கடும் பேதியை உண்டாக்கிப் புழுவை வெளியேற்றும். இதைக் கேட்டு எவரும் தம் நாய்க்குப் பாக்கை அரைத்து ஊட்டத் துணிய வேண்டாம்; அளவு மீறினால் நாய் இறந்துவிடும்.

இவ்வுபாயங்கள் பலன் தருமா என்போருக்கு ஐஸ்லாந்து தேசமே விடை. 1863-இல் கிராபே என்னும் டேனிஷ் அறிஞர் அத்தீவுக்குச் சென்று 100 நாய்களை அறுத்துச் சோதித்ததில் 28 நாய்களில் இப்புழு இருந்தது. அவர் எளிய நடையில் எழுதிய சிறு நூல் அத்தேசத்தின் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. பின்னர் நாய்களுக்கு மருந்தூட்டுவதும் கட்டிகளை அழிப்பதும் சட்டமாயின. கிழ ஆடுகளை வீடுதோறும் அறுப்பது குறைந்து, இளங்குட்டிகளைப் பொது அறுப்புக் கூடங்களில் அறுக்கும் வழக்கம் வந்ததும் சேர்ந்து, நோய் அங்கு அடியோடு மறைந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவு 1996-இலும், நியூசிலாந்து 2002-இலும் இந்நோய் நீங்கியவையென அறிவித்துக்கொண்டன. அங்கெல்லாம் இதற்கு முப்பது நாற்பது ஆண்டுகள் சென்றன என்பதையும் சொல்லவேண்டும். ஆடுகளுக்குரிய தடுப்பூசி ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டு, சீனாவிலும் அர்ஜென்டினாவிலும் உபயோகிக்கப்பட்டிருக்கிறது. அதன் வரவுக்காகக் குழி வெட்டுவதை ஒத்திவைக்க வேண்டுவதில்லை.

பன்றியின் சதையில் காணும் அரிசி போன்ற கட்டிகள் வேறொரு புழுவினுடையவை. அதன் முதிர்ந்த பருவம் நாயிலன்று, மனிதன் குடலிலேயே வாழ்கிறது. அதன் முட்டையை விழுங்கினவர் மூளையில் கட்டியுண்டாகி வலிப்பு வரும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் வேலூர் ஜில்லாவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு இதுவே காரணமெனக் கண்டனர். கக்கூஸ் உபயோகமும், பன்றிகளைக் கட்டி வளர்ப்பதுமே இதற்குப் பரிகாரம். இதனை வேறொரு சமயம் விரிவாகக் கவனிக்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

பஞ்சாயத்துத் தலைவர்களும் கிராம நிர்வாக அதிகாரிகளும் தத்தம் கிராமத்திலுள்ள வளர்ப்பு நாய்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்தல் நலம். சொந்தக்காரர் பெயர், நாயின் உத்தேச எடை, மருந்து கொடுத்த தேதி ஆகிய மூன்றே பத்திகள் போதும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் முகாமிலேயே புழு மருந்தையும் கொடுத்துவிட்டால் இருமுறை அலைய வேண்டுவதில்லை. சொந்தக்காரரில்லாத நாய்களை அடித்துக் கொல்வதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை; 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகளின்படி அவற்றைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யவேண்டும். அங்ஙனம் பிடிபட்ட நாய்க்கு, விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே மாத்திரையைக் கொடுத்து, அடைத்து வைத்த இடத்தின் மலத்தை எரித்துவிடுதல் வேண்டும். அறுக்குமிடங்களில் குழி இருக்கிறதா என்பதையும், அக்குழி நாய் நுழையாதபடி மூடப்பட்டிருக்கிறதா என்பதையும், மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, சந்தை நாளன்று காலையில் சென்று பார்ப்பது நலம்; மாலையில் சென்றால் பார்க்க ஒன்றும் மிச்சமிராது.